கால், முகத்தில் தெரியும் சிலந்தி வலை நரம்புகளுக்கு ஊசி நல்லதா, லேசர் நல்லதா?

நீங்கள் எழுதியிருப்பது இது: தொடையிலும் முட்டிக்குப் பின்னாலும் ஊதா நிறத்தில் மெல்லிய கோடுகள் வலை மாதிரி பரவியிருக்கின்றன, மூக்கின் ஓரத்திலும் சிவப்பாகச் சில தெரிகின்றன, குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது, இரண்டையும் ஒரே லேசரில் எடுத்துவிட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. நரம்பு என்று சொன்னாலும் இவை தோலில் தெரியும் மெல்லிய ரத்தக்குழாய்கள்தான். காலுக்கு ஊசி, முகத்துக்கு லேசர் என்பதுதான் வழக்கம். நான் டாக்டர் இல்லை, பள்ளி ஆசிரியை. காலுக்கு நானும் முகத்துக்கு என் தங்கையும் சிகிச்சை எடுத்துக்கொண்டோம். அப்போது கேட்டுத் தெரிந்துகொண்டதையும் பட்டதையும் எழுதுகிறேன்.

காலிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். ஊசியா லேசரா என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் அல்ட்ராசவுண்ட், எடுத்துவிடுங்கள். காலிலுள்ள ரத்தம் மேல்நோக்கி ஏறி இதயத்துக்குப் போக வேண்டும். அது திரும்பி இறங்காமல் இருக்க ரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. தொடையின் உட்பக்கமாக ஓடும் பெரிய குழாயில் அந்த வால்வு பழுதாகியிருந்தால், அழுத்தம் முழுக்கக் கீழே உள்ள மெல்லிய குழாய்களில் விழும். அந்த நிலையில் வெளியே தெரியும் கோடுகளை மட்டும் அழிப்பது, தொட்டி நிரம்பி வழியும்போது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலத்தான். கொஞ்ச நாளில் திரும்ப வரும்.

ஸ்கேன் நின்றுகொண்டே எடுப்பார்கள். எனக்குத் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை ஜெல் தடவினார்கள். டாக்டர் ஒரு கையால் கெண்டைக்கால் சதையை அழுத்திவிட்டு விடுவார். அழுத்தும்போது ரத்தம் மேலே ஏறும் சத்தம் மெஷினில் கேட்கும். விட்டதும் சத்தம் நின்றுவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது. அரை வினாடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் பழுது. எனக்குப் பெரிய குழாய் சுத்தமாக இருந்ததால் நேராக ஊசிக்குப் போனோம். என்னுடன் வேலை பார்க்கும் கணக்கு டீச்சருக்கு வெளியே தெரிந்த கோடுகள் என்னைவிடக் குறைவு, ஆனால் ஸ்கேனில் பெரிய குழாய் பழுது. அவருக்கு முதலில் அதை ரேடியோ அதிர்வெண் முறையில், அதாவது குழாய்க்குள் சூடுபடுத்தி, அடைத்தார்கள், அப்புறம்தான் ஊசி.

பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்குள் இருப்பதுதான் சிலந்தி வலை நரம்பு. மூன்று மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்துப் புடைத்துக்கொண்டிருந்தால் அது வெரிகோஸ். கோடுகள் மெல்லியவைதானே என்று விட்டுவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு: கணுக்கால். அங்கே பாதத்தின் ஓரமாக விசிறி விரித்தது மாதிரி நீலக் கோடுகள் கூட்டமாக வந்தாலோ, தோல் கறுத்தாலோ, சாயங்காலம் கால் வீங்கினாலோ, அது அழகுப் பிரச்சினை இல்லை. வாஸ்குலர் சர்ஜனை (ரத்தக்குழாய் அறுவை மருத்துவரை) பாருங்கள். நின்றே வேலை பார்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது நாள் முழுக்க நிற்பதால் வரும் உபாதைகளைச் சொல்லித்தான். ஆசிரியைகளுக்கும் அதே பாடுதான்.

இனி ஊசி. ஸ்கிளிரோதெரபி என்பார்கள். பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் என்ற மருந்தை மிக மெல்லிய ஊசியால் அந்தக் கோட்டுக்குள்ளேயே செலுத்துவார்கள். மருந்து குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும், சுவர் ஒட்டிக்கொள்ளும், பிறகு உடம்பே அதைக் கரைத்துவிடும். குப்புறப் படுக்க வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு டாக்டர் செய்தார். மருந்து போகும்போது ஊதாக் கோடு கண்ணெதிரே வெளுத்து மறையும். சில நிமிடத்தில் அந்த இடம் கொசு கடித்தது போலத் தடித்து அரிக்கும். சொறியக் கூடாது. பஞ்சு வைத்து ஒட்டி, மேலே இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் மாட்டி, அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். வலி பெரிதாக இல்லை. ஸ்டாக்கிங்ஸ்தான் சிரமம். நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது கடினம், அதனால் மார்கழி, தை மாதம் பார்த்துச் செய்துகொள்வது நல்லது.

அன்றைக்கே கால் பளிச்சென்று ஆகிவிடாது. முதல் சில வாரம் முன்பைவிட மோசமாகவே தெரியும். மெல்லிய கோடுகள் மறைய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும், கொஞ்சம் தடித்தவற்றுக்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். ஒரே தடவையில் முடிவதும் அபூர்வம். நம் நிறத்துக்கு இன்னொன்றும் உண்டு: கோடு போன தடத்தில் பழுப்பாக ஒரு கறை நிற்கும். ரத்தத்திலுள்ள இரும்பு தோலில் தங்குவதால் வருவது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மங்கிவிடும், எனக்கும் மங்கியது. சிலருக்கு ஊசி போட்ட இடத்தைச் சுற்றிப் புதிதாகச் செந்நிற வலை கிளம்பும், அரிதாகப் புண்ணும் வரலாம். முன்பு காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காலுக்கு லேசர் கூடவே கூடாது என்றில்லை. ஊசி நுழையாத அளவுக்கு மெல்லியவை, ஊசிக்குப் பயப்படுபவர்கள், இவர்களுக்கு லேசர் உதவும். ஆனால் கோடுகளுக்கு ரத்தம் ஊட்டும் நீலக் குழாய் அடியில் இருந்தால் ஊசிதான் அதை எட்டும்.

முகம் வேறு கதை. முகத்தில் ஊசி போடுவதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், ஏனென்றால் முகத்து ரத்தக்குழாய்கள் கண்ணைச் சுற்றியுள்ளவற்றோடு தொடர்புடையவை. அங்கே லேசர், அல்லது ஒன்றிரண்டு கோடுகள்தான் என்றால் மெல்லிய மின் ஊசியால் சுடுவது.

ஆனால் லேசருக்கு முன்னால், ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். என் தங்கைக்கு வந்தது மங்குக்காக மெடிக்கலில் சொல்லி வாங்கித் தடவிய கிரீமால். அதில் ஸ்டீராய்டு இருந்தது. முதலில் முகம் வெளுத்தது, எல்லோரும் பளிச்சென்று இருக்கிறாய் என்றார்கள். மாதக்கணக்கில் தடவியதில் தோல் மெலிந்து, கன்னத்தில் ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பித்தன. இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. இன்னமும் கேட்டால் கிடைக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்களும் ஏதாவது சிவப்பழகு கிரீம் தடவுகிறீர்கள் என்றால் டியூபை எடுத்து பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எங்காவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் தோல் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள், சட்டென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். என் தங்கைக்கு அது அடங்கிய பிறகே லேசரைப் பற்றிப் பேசினார்கள்.

எந்த லேசர் என்று கட்டாயம் கேளுங்கள். வெள்ளைத் தோலுக்கு முகத்தில் அதிகம் பயன்படுவது 532 அல்லது 595 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) லேசர். அவற்றை ரத்தம் மட்டுமல்ல, தோலின் கறுப்பு நிறமியும் உறிஞ்சும். மாநிறம், கறுப்பு நிறத்தவர்களுக்குச் சூடுபட்டுத் தழும்போ வெள்ளைத் திட்டோ விழக்கூடும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் என்ற லேசர் நிறமியில் அவ்வளவாகச் சிக்காமல் ஆழமாகப் போகும் என்பதால் நமக்குப் பாதுகாப்பு கூடுதல். அதையும் முதலில் காதோரம் ஒரு சின்ன இடத்தில் போட்டு, சில வாரம் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். அப்புறம் தினமும் சன்ஸ்கிரீன்.

முகத்திலோ நெஞ்சிலோ நடுவில் சிவப்புப் புள்ளியும் சுற்றிக் கால்கள் போலக் கோடுகளும் இருந்து, நடுவில் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் நடுவிலிருந்து சிவந்தால் அது வேறு வகை. கர்ப்பத்தில் வருவது சகஜம். நிறைய இருந்தால் கல்லீரலைப் பரிசோதிப்பார்கள்.

பூசும் கிரீமோ எண்ணெயோ இந்தக் கோடுகளை அழிக்காது. ஸ்டாக்கிங்ஸும் அழிக்காது, ஆனால் கால் பாரம் குறையும். அழகுக்கான சிகிச்சை என்பதால் இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது. ஸ்கேனில் பெரிய குழாய் பழுது என்று வந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

உங்களுக்கு இப்போதைக்கு அவசரம் வேண்டாம். கர்ப்பத்தில் வந்தவை பல, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாகவே மங்கும். தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த ஊசியைப் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். டாப்ளர் ஸ்கேனில் மருந்தோ கதிர்வீச்சோ இல்லை, அதை மட்டும் இப்போதே எடுத்துவிடலாம். கோடுகளைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் மிச்சமிருப்பவற்றுக்கு மட்டும் சிகிச்சை போதும்.