வகுப்புக்கு வராதவர்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள்

கேள்வி: எங்கள் தொழிலாளர் சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்கள் பலர் உள்ளனர். அவர்களுக்காகத் தொடங்கிய மாலை வகுப்பில் சேர்ந்த இருபது பேர், மூன்றே மாதத்தில் நான்கு பேராகக் குறைந்துவிட்டனர். ஆனால் சங்கக் கூட்டத்துக்கு அனைவரும் தவறாமல் வருகிறார்கள். வகுப்பை மூடிவிடலாமா?
- சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: அன்புள்ள செயலாளருக்கு, கூட்டத்துக்கு எல்லோரும் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குங்கள். அங்கே பேசப்படுவது தங்கள் கூலி, தங்கள் சந்தா, தங்கள் உரிமை என்பதால் வருகிறார்கள். எழுத்தும் அந்த இடத்துக்கே போக வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினால்தான் வாக்காளராகப் பதிவு செய்ய முடியும் என்ற நிலை இருந்தபோது, அங்குள்ள ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் கறுப்பின மக்களுக்கென ஒரு குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. அதற்கு முன் நடந்த வகுப்புகளில் வளர்ந்தவர்களைச் சிறுவர்களின் பெஞ்சுகளில் உட்கார வைத்திருந்தார்கள், அவர்களும் நின்றுவிட்டார்கள். புதிய பள்ளியோ ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் நடந்தது. கற்றுக்கொடுத்த பெர்னிஸ் ராபின்சன் அழகுக்கலைத் தொழில் செய்தவர், ஆசிரியர் அல்லர். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று வந்தவர்களிடமே கேட்டு, பெயர் எழுதுவது, மணியார்டர் படிவம் நிரப்புவது என அவர்கள் சொன்னவற்றையே அவர் பாடமாக்கினார்.

உங்கள் சங்கத்திலும் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. தீர்மானத்தை வாசித்துவிட்டுக் கைநாட்டு வாங்கும் வழக்கத்தை மாற்றி, அதை முதலில் ஒரு பெரிய தாளில் நான்கைந்து வரிகளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைத்து, எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுப் படித்த பிறகு வாக்கெடுப்பு நடத்துங்கள். சந்தா ரசீதில் பெயரையும் தொகையையும் உறுப்பினரே எழுதட்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகும்; பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தாளை நீட்டினால் "கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்" என்று ஒருவர் சொல்வார். கூச்சத்தை மறைக்கப் பல ஆண்டுகளாக அவர் சொல்லிவரும் வார்த்தை அது. எல்லோர் முன்னிலும் அதைக் கிளறாதீர்கள். அதே சமயம், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து உண்மையாகவே இருக்கும். கண் பரிசோதனை செய்யாமலே "இவருக்குப் படிப்பு ஏறாது" என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

வகுப்பை மூட வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கம் வாரத்தில் சில நாளாவது தொடர்ந்தால்தான் கைவரும். மாதம் ஒரு கூட்டம் அதற்குப் போதாது. வகுப்பைச் சங்க அலுவலகத்துக்கே மாற்றுங்கள், மற்ற நாள்களில் வழக்கம்போல் நடத்துங்கள், கூட்ட நாளில் மட்டும் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வையுங்கள். நிலைத்து நின்ற அந்த நான்கு பேரும் மற்றவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். நேற்றுக் கற்றவருக்குத்தான் எந்த எழுத்தில் தடுக்கும் என்பது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் நடக்கும். படிக்கத் தொடங்கியவர்கள் ஒருநாள் வரவு செலவுக் கணக்கைக் கையில் வாங்கி, ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்பார்கள். அதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை உங்கள் பொருளாளரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.