குளிர்ந்த தண்ணீரில் வால்ஐ: ஆழக் கிராங்க்பெய்ட் பற்றி வாசகர்கள் கேட்டவை

நவம்பர் வந்தாலே ஒன்ராறியோவின் குவின்டே விரிகுடா பற்றிய கேள்விகள் வரிசை கட்டி வரும். காரணம் இருக்கிறது. ஒன்ராறியோ ஏரியின் கிழக்குப் பகுதியில் கோடையைக் கழித்த பெரிய வால்ஐ மீன்கள், இரை மீன் கூட்டங்களைத் தொடர்ந்து இந்தக் காலத்தில்தான் விரிகுடாவுக்குள் நுழைகின்றன. பிக்டன், கிளெனோரா, அடோல்பஸ் ரீச் பக்கம் பத்து பவுண்டு மீன் கிடைப்பது அதிசயமில்லை. இந்த முறை வந்தவற்றில் பொதுவானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கிராங்க்பெய்ட் என்பது மூக்கில் தகடு வைத்த செயற்கை இரை. படகில் கட்டி இழுத்தால் தகடு அதை ஆழத்துக்கு இறக்கும். கீழே லூர் என்று சொல்வது இதைத்தான்.

லூர் பெட்டியில் "25 அடி ஆழம் போகும்" என்று போட்டிருக்கிறது. எவ்வளவு நரம்பு (தூண்டில் நூல்) விட்டால் அந்த ஆழம் வரும்? (ஸ்கார்பரோ)

பெட்டியில் போட்டிருப்பது அதன் எல்லை, சும்மா தண்ணீரில் போட்டதும் வரும் ஆழம் இல்லை. லூர் எவ்வளவு இறங்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: மூக்கிலுள்ள தகட்டின் அளவு, விட்ட நரம்பின் நீளம், நரம்பின் தடிமன். வேகத்துக்கு இதில் பங்கு குறைவு. வேகமாக ஓட்டினால் ஆழமாகப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். நாம் வழக்கமாக ஓட்டும் வேகங்களுக்குள் பெரிய வித்தியாசம் வராது.

பத்து பவுண்டு தாங்கும் தங்கூஸில் (ஒற்றை இழை நைலான் நரம்பில்) பெரும்பாலான ஐந்தங்குல ஆழ லூர்கள், 100 அடி விட்டால் ஏறத்தாழ 20 அடியில் ஓடும். இன்னொரு 100 அடி விட்டால் 40 அடி போகும் என்று கணக்குப் போடாதீர்கள். தண்ணீரில் கிடக்கும் நரம்பே லூரை மேலே இழுக்கத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் விட்டதெல்லாம் சில அடிகளைத்தான் கூட்டும்.

உங்கள் லூர், உங்கள் நரம்பு, உங்கள் ரீல், இந்த மூன்றும் சேர்ந்து என்ன ஆழம் தருகின்றன என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 20 அடி ஆழமுள்ள, மட்டமான, மணல் தரையைத் தேடுங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டே நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சீராக நடுங்கிக்கொண்டிருந்த கம்பு நுனி, தகடு தரையைத் தட்டியதும் விட்டுவிட்டுக் குதிக்கும். அப்போது ரீலின் கவுண்டரில் (விட்ட நரம்பின் நீளத்தைக் காட்டும் எண்ணியில்) என்ன எண் என்று பார்த்து, லூரின் வயிற்றிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். பாறைத் தரையில் இதைச் செய்ய வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில் இங்கே புகுந்த ஸீப்ரா சிப்பிகள் கத்தி மாதிரி நரம்பை அறுத்துவிடும்.

இன்னொன்று: கவுண்டர் ரீல் நிறையச் சுற்றியிருந்தால்தான் சரியான எண்ணைக் காட்டும். பாதி காலியான ரீலில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே போகும் நரம்பு குறைவு. கவுண்டர் 100 என்று சொல்லும், தண்ணீரில் அவ்வளவு இருக்காது.

80 அடித் தண்ணீரில், 30 அடி ஆழத்தில் மீன் நிற்பது மீன்காட்டிக் கருவியின் திரையில் தெரிகிறது. லூரையும் 30 அடியில்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் தொடவில்லை. (ஏஜாக்ஸ்)

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. லூரை 24, 25 அடிக்கு ஏற்றுங்கள். வால்ஐயின் கண் மேல்நோக்கிப் பார்ப்பதற்கு வசதியாக அமைந்தது. தலைக்கு மேலே போவதைத் துரத்தி ஏறி வந்து கவ்வும். தனக்குக் கீழே போவதைத் தேடி இறங்கி வருவது அபூர்வம். ஆழத்தில் பிழை விட்டாலும் மேல்பக்கமாக விடுங்கள்.

அப்புறம், திரையில் தெரியும் மீன் படகுக்கு நேர் கீழே நிற்கும் மீன். ஒலியை 20 டிகிரிக் கூம்பாக அனுப்பும் கருவி, 30 அடி ஆழத்தில் பத்தடி அகலத்தைத்தான் பார்க்கிறது. தண்ணீர் தெளிந்திருந்தால், மேலே நிற்கும் மீன்கள் படகுச் சத்தத்துக்கு விலகிப் போய்விடும், திரையில் வரவே வராது. அதனால்தான் பிளேனர் போர்டு, அதாவது நரம்பைப் படகிலிருந்து பக்கவாட்டில் விலக்கி இழுக்கும் மிதவைப் பலகை, வேண்டும். 60, 80 அடி பக்கவாட்டில் லூரை ஓட்டினால் கலையாத மீனின் தலைக்கு மேலே அது போகும். திரையில் 30 அடியில் நிற்பதைப் பார்த்து எல்லாக் கம்பையும் ஒரே ஆழத்தில் போடாதீர்கள். ஒன்றையாவது 15 அடியில் விடுங்கள். அந்தி நேரத்தில் பெரிய மீன் அதில் ஏறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

குளிரில் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும்?

தண்ணீர் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது மணிக்கு 1.5 முதல் 2 மைல். ஐந்து டிகிரிக்கு இறங்கிவிட்டால் 1.2 முதல் 1.5. இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடங்கும் இடம், அவ்வளவுதான். சரியான வேகத்தை மீனிடமே கேட்கலாம். படகை நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்பு போல வளைத்து ஓட்டுங்கள். வளைவின் உள்பக்க லூர் வேகம் குறைந்து சற்று மேலே மிதக்கும், வெளிப்பக்க லூர் வேகமெடுக்கும். தொடர்ந்து உள்பக்கமே கடித்தால் வேகத்தைக் குறையுங்கள், வெளிப்பக்கம் என்றால் கூட்டுங்கள்.

பின்காற்றில் படகு அடங்காமல் ஓடினால் டிரிஃப்ட் சாக் எனப்படும் துணிப்பையைத் தண்ணீரில் இழுக்க விடலாம். என்ஜினை மாற்றுவதைவிட மலிவு.

என் லூர் ஒரு பக்கமாகவே ஓடுகிறது. தூக்கி எறியவா? (பிராம்ப்டன்)

வேண்டாம். படகோரம் பத்தடி நரம்பில் இழுத்து, லூர் உங்களை நோக்கி வருவதைப் பாருங்கள். உங்கள் வலப்பக்கம் ஒதுங்கினால், அதன் மூக்கை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, நரம்பு கட்டும் கம்பி வளையத்தைக் கொறட்டால் இடப்பக்கம் மயிரிழை அளவு வளையுங்கள். மறுபடி ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைத்தால் அது அதிகம். சரியாக ஓடும் லூர் நேராக முக்குளித்து, வாலை இரு பக்கமும் ஒரே மாதிரி ஆட்டும். மெதுவான குளிர்கால வேகத்தில் சின்னக் கோணல் தெரியாது. அதனால் சோதிக்கும்போது வேகத்தைக் கொஞ்சம் கூட்டியே பாருங்கள்.

நரம்பை நேரே வளையத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். வட்டமான நுனியுள்ள சிறிய ஸ்னாப் (கம்பிக் கொக்கி) போதும். கனமான ஸ்விவல் (சுழலும் இணைப்பு) மூக்கில் தொங்கினால் லூரின் ஆட்டமே செத்துவிடும்.

தங்கூஸா, பிரெய்டா?

புதியவர் என்றால் தங்கூஸ். அது இழுபடும், மீன் தலையை உதறும்போது முள் கழன்று வராமல் காப்பாற்றும். பிரெய்ட் என்பது பின்னல் நரம்பு. அது மெல்லியது, அதே நீளத்துக்கு லூரை இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும், ஆனால் துளிகூட இழுபடாது. அதைப் போட்டால் மென்மையான கம்பும் தளர்ந்த டிராகும் (ரீலின் பிரேக்கும்) வேண்டும், இல்லாவிட்டால் வாயைக் கிழித்துக்கொண்டு முள் வந்துவிடும். பிளேனர் போர்டு கிளிப்பிலும் பிரெய்ட் வழுக்கும். தங்கூஸிலேயே ஆழம் வேண்டுமென்றால் 50 அடி விட்டு, இரண்டு அவுன்ஸ் கிளிப் ஈயத்தை மாட்டி, மேலும் 50 அடி விடுங்கள். இங்கே ரொம்ப நாளாகப் புழங்கும் முறை இது.

எந்த நிறம்?

ஆழத்தையும் வேகத்தையும் சரிசெய்த பிறகு கேளுங்கள். ஒரு பிரகாசமானது, ஒரு வெள்ளி, ஒரு கருமை. இந்த மூன்றோடு ஒரு பருவத்தையே ஓட்டலாம். நிறத்துக்காகச் செலவழிக்கும் காசில் ஒரு நல்ல கவுண்டர் ரீல் வாங்குங்கள்.

கம்பு வளையங்களில் ஐஸ் கட்டுகிறது, அண்ணா!

உதட்டுக்குப் போடும் பாம் தடவலாம், கொஞ்ச நேரம் தாங்கும். கம்பின் முன்பாதியைத் தண்ணீருக்குள் அமுக்கி எடுத்தால் ஐஸ் கரையும். ஏரித் தண்ணீர் காற்றைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஐஸைக் கையால் உடைக்காதீர்கள், வளையத்தின் உள்சுற்று கழன்றுவிடும்.

என்னிடம் 14 அடி அலுமினியப் படகு. நவம்பர் கடைசியில் அடோல்பஸ் ரீச் போகலாமா? (ஒஷாவா)

காற்று ஓய்ந்த நாளில், இன்னொரு படகோடு சேர்ந்து போகலாம். தென்மேற்குக் காற்று அந்த நீண்ட வாய்க்காலில் நேராக வீசினால் வேண்டாம். மிதவைச் சட்டையைப் படகில் வைத்திருப்பது மட்டும் போதாது, உடம்பில் போட்டிருக்க வேண்டும். மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் ஆபத்துகளை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கை மனதில் வையுங்கள்: பனித் தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கை கால்கள் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், மயங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்குப் பிறகு உங்களை மிதக்க வைக்கப்போவது அந்தச் சட்டைதான். தனியாகப் போகிறவருக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது.

பெரிய மீன் பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? குழம்புக்கு நன்றாக இருக்குமா?

விரிகுடா இருக்கும் 20ஆம் மீன்பிடி வலயத்தில் விளையாட்டு உரிமத்துக்கு நான்கு வால்ஐ, குறைந்த அளவே எடுக்க விடும் பாதுகாப்பு உரிமத்துக்கு இரண்டு. எதிலானாலும் 63 செ.மீ.க்கு மேல் ஒன்றுதான். ஒரு ஆள் எத்தனை கம்பு போடலாம் என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு இறங்குங்கள்.

பெரியவை அநேகமாக வசந்தத்துக்காக முட்டை கட்டும் பெண் மீன்கள். பெரிய மீனில் பாதரசமும் கூடும். மாகாண அரசு வெளியிடும் மீன் உண்ணும் கையேட்டில் நீளவாரியாக, மாதத்துக்கு எத்தனை வேளை என்று போட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் தனிக் கணக்கு. ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த மீன் வயிறு உப்பி, விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அப்படிப்பட்டதை உங்கள் அளவுக்குள் எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள்.

ருசிக்கு என்றால் 18, 20 அங்குல மீன்தான். சதை வெள்ளையாக, உதிரியாக வரும். புளி கொதித்துக் கடைசியில் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்க வேண்டும். கன்னச் சதையைத் தனியாக வெட்டி மிளகுத்தூள் போட்டுப் பொரித்துப் பாருங்கள்.