வாசகர் கேள்வி: டிக் டிக் சத்தம் வேணுமா, வேண்டாமா?

கேள்வி: பத்து வயசுப் பொண்ணு வயலின் கத்துக்கறா. மொபைல்ல மெட்ரோனோம் (ஒரே வேகத்துல டிக் டிக்னு தட்டுற ஆப்) போட்டுத்தான் சாதகம் பண்றா, வாத்தியாரோ அதை மூடி வைங்கறார். இது எங்கிருந்து வந்தது, நம்ம சங்கீதத்துக்குத் தேவையா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வாத்தியார் சொல்றதுல நியாயம் இருக்கும்மா, ஆனா முழுசா மூடி வைக்கவும் வேண்டாம்.

1696-லயே பிரான்ஸ்ல எத்தியன் லூலியேன்னு ஒருத்தர் கயித்துல குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி வேகம் காட்டுனார், ஆள் உயரக் கருவி, சத்தமே வராது, கண்ணாலதான் பாக்கணும். ஊசல்ல ஒரு சிக்கல் என்னன்னா, மெதுவா ஆடணும்னா நீளம் வேணும், நிமிஷத்துக்கு 40 தட்டு வேணும்னா ஏழடிக்கு மேல கயிறு வேணும், அதை யாரு வீட்ல வைக்க முடியும்? 1814-ல ஆம்ஸ்டர்டாம்ல விங்கல்ங்கறவர் அச்சுக்குக் கீழ ஒரு எடை, மேல ஒரு எடைன்னு வச்சார், ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிக்கறதால சின்னக் கம்பியே மெதுவா ஆடுச்சு, மேல் எடையை ஏத்துனா இன்னும் மெதுவாகும். எவ்ளோ அழகான யோசனை! ஆனா மெல்சல்ங்கறவர் அதைப் பாத்துட்டு, ஒரு அளவுகோலைச் சேத்து, 1815-ல தன் பேர்ல பேடன்ட் வாங்கிட்டார். விங்கல் சண்டை போட்டு ஹாலந்துல அவருக்கு நியாயம் கிடைச்சும் பேரு மெல்சலுக்கே போயிடுச்சு, எனக்கு இது இன்னிக்கும் மனசு ஆறல. 1817-ல பீத்தோவன் தன்னோட எட்டு சிம்பொனிக்கும் வேகத்தை நம்பரா போட்டார், எழுதினவர் பக்கத்துல இல்லாத ஊர்லயும் அதே வேகத்துல வாசிக்கணுமே, அதுக்குத்தான் அந்தப் பெட்டி.

நமக்கு வேகம் குருகிட்டருந்து கேட்டு வருது, கைல தாளம் போட்டு உடம்புல ஏறுது. உங்க பக்கத்து பூரத்துல, அதான் கோயில் திருவிழாவுல, பஞ்சாரி மேளம்னு செண்டை மேளம் கேட்டிருப்பீங்க, முதல் காலத்துல ஒரு சுத்துக்கு 96 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை, அப்புறம் 48, 24, 12, 6-ன்னு பாதி பாதியா குறையும், வேகம் ஏறிக்கிட்டே போகும், பின்னால வீக்கன் செண்டைங்கற தாளச் செண்டையும் இலத்தாளம்ங்கற கைத்தாளக் கருவியும் கணக்கைப் பிடிச்சு நிக்கும், அத்தனை பேரும் ஒருத்தரையொருத்தர் கேட்டுத்தான் சேந்து ஏறுறாங்க. ஒரே வேகத்துல தட்டுற பெட்டி அந்த ஏத்தத்தைச் சொல்லித்தராது, சாதகம் முழுக்க அதோடயே பண்ணுனா பொண்ணு காது அந்த டிக்குக்காகக் காத்துக்கிட்டே இருக்கும், தானா கணக்கு வைக்காது.

அதனால அதைப் பரீட்சைக்கு மட்டும் வச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சு எட்டு எண்ணிக்கை உள்ள ஆதி தாளத்துல ஒரு வரிசை வாசிக்கச் சொல்லுங்க, நடுவுல சத்தத்தை மட்டும் குறைச்சுடுங்க, ஆப் ஓடட்டும், நாலு ஆவர்த்தனம் (தாளத்தோட நாலு சுத்து), அதாவது 32 நொடி, அவ பாட்டுக்கு வாசிக்கட்டும், திரும்ப சத்தத்தைக் கூட்டுனா சமத்துல, அதாவது தாளத்தோட முதல் தட்டுல, சரியா விழுதா, முந்திட்டாளா, பிந்திட்டாளான்னு தெரிஞ்சிடும். பெரும்பாலும் பசங்க சுலபமான இடத்துலதான் ஓடுவாங்க. எந்த இடம்னு பிடிச்சு, அதை மட்டும் வாத்தியார் முன்னால கைத்தாளத்தோட பாடிக் காட்டச் சொல்லுங்க, அவரே சரி பண்ணிடுவார்.