சோலார் கூடவே பேட்டரியும் வைக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எந்தக் கம்பெனி பேட்டரி நல்லது என்று விசாரிக்கும் முன், பேட்டரி உங்களுக்கு எதற்கு என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கா, ஈ.பி. பில்லைக் குறைக்கவா? இரண்டுக்கும் கணக்கு வேறு, வயரிங் வேறு. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டு வீட்டு இணைப்பை மனதில் வைத்துச் சொன்னவை.

மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. நல்ல வெயிலில் கரண்ட் போனாலும் வீடு இருட்டாகிவிடுகிறது. ஏன்? இருக்கிற யு.பி.எஸ்.ஸையே சோலாரோடு இணைத்துவிடலாமா? (திருச்சி)

உங்களிடம் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். ஈ.பி. லைனின் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் பார்த்துத்தான் அது தன் உற்பத்தியை அதனுடன் சேர்க்கும். லைன் செத்ததும் சில நொடிகளுக்குள் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் போகும். ஆகவே இது பழுதல்ல.

யு.பி.எஸ். அவுட்புட்டை ஆன்-கிரிட் இன்வெர்ட்டருக்குக் காட்டி ஏமாற்றும் வேலையைச் சில எலக்ட்ரீஷியன்கள் செய்கிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். யு.பி.எஸ். ஸ்கொயர் வேவ் வகையென்றால் சோலார் இன்வெர்ட்டர் அதை ஏற்காது. சைன் வேவ் என்றால் ஏற்றுக்கொள்ளும், ஆபத்து அங்கேதான். பகல் 12 மணிக்கு 2,500 வாட் வருகிறது, வீட்டில் ஓடுவது 400 வாட். மிச்சம் 2,100 வாட்டுக்குப் போக வழியில்லாமல் யு.பி.எஸ்.ஸுக்குள் பின்பக்கமாக ஏறும். அதிலுள்ள மாஸ்ஃபெட்டுகள் (மின்னணு சுவிட்சுகள்) வெடிக்கும், அல்லது பேட்டரி கொதிக்கும்.

சரியான வழிகள் மூன்று. பழைய இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு பேனல், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் ஒன்றாகக் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடுவது முதல் வழி. பேனல், ஸ்ட்ரக்சர், டி.சி. வயர் எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு ஸ்ட்ரிங்கில் (தொடராக இணைத்த வரிசையில்) எத்தனை பேனல், அவற்றின் மொத்த வோல்ட் புதிய இன்வெர்ட்டரின் எம்.பி.பி.டி. வரம்புக்குள், அதாவது பேனலிலிருந்து அது ஏற்கும் வோல்ட் அளவுக்குள், வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஈ.பி.க்குக் கொடுத்த விண்ணப்பத்தில் இன்வெர்ட்டரின் விவரமும் இருப்பதால், மாற்றும் முன் செக்‌ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது ஏ.சி. கப்ளிங் (மாறுதிசை மின்சாரப் பக்கத்தில் இணைப்பது): இப்போதுள்ள இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு, அதற்கென்றே வடிவமைத்த பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றைச் சேர்ப்பது. கரண்ட் இல்லாதபோது பேட்டரி நிறைந்ததும் பேட்டரி இன்வெர்ட்டர் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் உயர்த்தும். அதைப் பார்த்து சோலார் இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைக்கும். இதற்கு சோலார் இன்வெர்ட்டரில் அந்த வசதி இருக்க வேண்டும். பேட்டரி இன்வெர்ட்டரின் திறன் சோலார் திறனுக்குக் குறையவும் கூடாது. மூன்றாவது வழி, இரண்டையும் தொடர்பில்லாமல் தனித்தனியே விட்டுவிடுவது. உங்கள் பகுதியில் மாதத்துக்கு நாலைந்து மணி நேரம்தான் கரண்ட் போகிறது என்றால் இதுவே போதும், புதுச் செலவே இல்லை.

பேட்டரி வைத்தால் பில் எவ்வளவு குறையும்? (கோவை)

நெட் மீட்டர் (லைனுக்கு அனுப்பியதை எடுத்ததில் கழிக்கும் மீட்டர்) இருக்கும் வீட்டில், கிட்டத்தட்ட ஒன்றும் குறையாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

பகலில் 5 யூனிட்டை லைனுக்கு அனுப்பினால், இரவில் எடுக்கும் 5 யூனிட் அதில் கழிந்துவிடும். அதே 5 யூனிட்டைப் பேட்டரியில் போட்டால், ஏற்றுவதிலும் இறக்குவதிலும் 10 முதல் 15 சதவீதம் போய், கைக்கு வருவது நாலேகால், நாலரை யூனிட்தான். போதாததற்கு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே சுமார் 50 வாட் எடுக்கும். 24 மணி நேரத்துக்கு 1.2 யூனிட்.

உங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனை இப்படிச் சோதியுங்கள். 5.12 கிலோவாட்-மணி (ஒரு கிலோவாட்-மணிதான் ஒரு யூனிட்) லித்தியம் பேட்டரி 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதம், அதாவது 4.6 யூனிட், தினமும் எடுக்கலாம். 4,000 முறை எடுத்தால் 18,400 யூனிட். ஒரு யூனிட்டைத் தேக்கி வைக்கும் செலவு மட்டும் சுமார் 5 ரூபாய் 43 காசு, அதுவும் 11 வருடம் தினமும் பயன்படுத்தினால். வீட்டு இணைப்புக்கு நேரத்துக்கு ஒரு கட்டணம் என்ற முறை இல்லாதவரை இந்தக் கணக்கு மாறாது. பேட்டரியை வெளிச்சத்துக்காக வாங்குங்கள், பில்லுக்காக வேண்டாம். நெட் மீட்டர் கிடைக்காத இடம், லைனே வராத தோட்டத்து வீடு என்றால் கதை வேறு. அங்கே டீசலோடு ஒப்பிட வேண்டும், பேட்டரிதான் ஜெயிக்கும்.

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் பேட்டரிக்கும் மானியம் உண்டா? (சேலம்)

இல்லை. மானியம் சோலார் கிலோவாட் கணக்கில்தான்: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக உச்சவரம்பு 78,000 ரூபாய். பேட்டரி முழுக்க உங்கள் செலவு. பின்னாளில் பேட்டரி வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், இப்போதே ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்டு வையுங்கள். விலை வித்தியாசம் அன்றைக்கு இன்வெர்ட்டரை மாற்றும் செலவைவிடக் குறைவு.

மூன்று படுக்கையறை வீடு. எத்தனை கிலோவாட்-மணி பேட்டரி தேவை? ஏ.சி., மோட்டார் எல்லாம் ஓட வேண்டும். (மதுரை)

"எல்லாம் ஓட வேண்டும்" என்பதைக் கொஞ்சம் பிரிப்போம். இரவு 10 முதல் காலை 6 வரை எதெது ஓடும்? கரண்ட் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் நாலு, தலா 30 வாட், 8 மணி நேரம்: 0.96 யூனிட். அதே பழைய ஃபேன் என்றால் 75 வாட், 2.4 யூனிட். பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுவது லாபம் என்பது இதனால்தான். ஃபிரிட்ஜ் அரை யூனிட், லைட்டும் வைஃபையும் சேர்த்து கால் யூனிட், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு 0.4. ஆக இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். 5.12 கிலோவாட்-மணி பேட்டரி ஒன்று தாராளமாகப் போதும்.

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி.யைச் சேர்த்தால் அது மட்டும் ராத்திரிக்கு 4 முதல் 6 யூனிட் எடுக்கும். அப்போது பேட்டரி இரண்டு வேண்டும்.

யூனிட் கணக்கு சரியாக இருந்தும் பலர் மாட்டிக்கொள்வது ஆம்பியரில். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரிகள் பலவற்றில் தொடர்ந்து எடுக்கப் பரிந்துரைக்கும் கரண்ட் 50 ஆம்பியர்தான். அதாவது 2,500 வாட். இன்வெர்ட்டரில் 5 கிலோவாட் என்று ஒட்டியிருக்கும். பேட்டரி ஒன்றுதான் இருக்கும். ஏ.சி. ஓடும்போது மிக்ஸியும் கெட்டிலும் சேர்ந்தால் பேட்டரிக்குள் அதைக் காக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ். பட்டென்று வெட்டிவிடும், வீடு முழுக்க இருட்டு. டேட்டா ஷீட்டில் தொடர் டிஸ்சார்ஜ் கரண்ட் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 1 கிலோவாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதை பேக்கப் பக்கம் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் வயரிங்) சேர்க்காமல் ஈ.பி. பக்கமே விட்டுவிடுங்கள். மேல் தொட்டியைப் பகலிலேயே நிரப்பும் பழக்கம் ஒரு பேட்டரியின் விலையை மிச்சப்படுத்தும்.

நாலு 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி இருக்கிறது. புது ஹைப்ரிட்டில் இவற்றையே போடலாமா? (ஈரோடு)

நாலும் ஒரே வயது, ஒரே மாடல் என்றால் போடலாம். சீரியஸில் 48 வோல்ட் வரும். எழுத்தில் 7.2 கிலோவாட்-மணி, பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், எனவே 3.6 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பழசு, இரண்டு புதுசு என்று கலந்தால் பழசு முதலில் காலியாகும், முதலில் கொதிக்கும், புதுசையும் சேர்த்துக் கெடுக்கும்.

மாட்டியவுடன் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜிங் கரண்ட் செட்டிங். லித்தியத்தை மனதில் வைத்து 60 ஆம்பியர் அல்லது அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். 150 ஏ.எச். ட்யூபுலருக்கு 15 ஆம்பியர், அதிகபட்சம் 20. பேட்டரி வகையை லெட் ஆசிட் என்று மாற்றி, பூஸ்ட் (ஏற்றும்போது) 57.6 வோல்ட், ஃப்ளோட் (நிறைந்தபின்) 54.4 வோல்ட் அளவில் வைத்து, தயாரிப்பாளர் தாளோடு ஒருமுறை சரிபாருங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். தினமும் சார்ஜ் ஏறி இறங்கும் பேட்டரி, யு.பி.எஸ்.ஸில் சும்மா இருந்த காலத்தைவிட வேகமாகத் தண்ணீர் குடிக்கும். இதோடு ஒரு லித்தியம் பேட்டரியை பேரலலில் சேர்க்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

லித்தியம் பேட்டரி 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா? (தஞ்சாவூர்)

பெரும்பாலும் போகவில்லை, கணக்குத்தான் தவறியிருக்கிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லில் 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் வோல்ட்டேஜ் வித்தியாசம் மிகச் சொற்பம். 16 செல் சேர்ந்த முழு பேட்டரியிலேயே ஓரிரு வோல்ட்தான் மாறும். அதனால் பி.எம்.எஸ். உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதத்தைச் சொல்கிறது. இரவெல்லாம் ஓடும் சின்னச் சின்ன லோடுகள் அதன் கணக்கில் சரியாக விழாது. பிழை சேர்ந்துகொண்டே போகும். முழுக்க சார்ஜ் ஆனால்தான் "இதுதான் நூறு" என்று அது தன்னைத் திருத்திக்கொள்ளும். செல்களைச் சமப்படுத்துவதும் அந்த மேல்நுனியில்தான் நடக்கும்.

பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் செட்டிங் வைத்திருந்தால், வாரம் ஒருமுறையாவது நூறு வரை ஏற்றி ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பேனல் அந்த அளவுக்கு ஏற்றாது, ஈ.பி.யிலிருந்து சார்ஜ் செய்யும் வசதியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போட்டுவிடுங்கள்.

அதற்கும் சரியாகாவிட்டால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே உள்ள கம்யூனிகேஷன் கேபிளைப் பாருங்கள். பார்க்க லேன் கேபிள் போலவே இருக்கும், பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தவறான கேபிள் கிளிக் என்று உள்ளே போகும், தகவல் மட்டும் போகாது. இன்வெர்ட்டர் வோல்ட்டை வைத்து ஊகித்துக்கொண்டிருக்கும். கேபிளும் சரி என்றால் ஆப்பில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பாருங்கள். அணையும் நேரத்தில் 15 செல் 3.2-லும் ஒன்று மட்டும் 2.8-லும் நின்றால் அந்த செல்தான் குற்றவாளி. திரையைப் படம் பிடித்து வாரண்டிக்கு அனுப்புங்கள்.

ஹைப்ரிட் மாட்டியதிலிருந்து ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. (வேலூர்)

பெரும்பாலும் நியூட்ரல் கலந்திருக்கும். உதாரணமாக, ஹால் ஃபேனுக்கு ஃபேஸ் பேக்கப் பக்கத்திலிருந்து போகிறது, திரும்பும் நியூட்ரல் பழைய பொது நியூட்ரல் பாருக்கே வருகிறது. போன கரண்டும் வந்த கரண்டும் ஒத்துப்போகாததால் ஆர்.சி.சி.பி. விழத்தான் செய்யும். பேக்கப் சர்க்யூட்டுகளுக்குத் தனி டி.பி. பாக்ஸ், தனி நியூட்ரல் பார் வேண்டும். ஈ.பி., சோலார், பேட்டரி மூன்றையும் நிறுத்தி, லோடுகளையெல்லாம் கழற்றிவிட்டு, இரண்டு நியூட்ரல் பார்களையும் அவற்றுக்கு வரும் மெயின் வயரிலிருந்து பிரித்து, நடுவே மல்டிமீட்டரில் கன்டினியுட்டி பார்க்கச் சொல்லுங்கள். பீப் சத்தம் வந்தால் எங்கோ ஒரு சுவிட்ச் போர்டில் இரண்டும் சேர்ந்திருக்கிறது. விழுகிறதே என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடுபவரை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.

கரண்ட் இல்லாத நேரத்திலும் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்க வேண்டும். அதற்கான ரிலே சில இன்வெர்ட்டர்களில் உண்டு, செட்டிங்கில் அணைந்திருக்கும். இணைப்பு இல்லாவிட்டால் பேக்கப்பில் ஓடும்போது ஷாக் அடித்தாலும் ஆர்.சி.சி.பி. விழாது.

பேட்டரியை எங்கே வைப்பது? மாடியில் ஷீட் போட்ட அறை காலியாக இருக்கிறது. (சென்னை, வேளச்சேரி)

மாடி ஷீட் அறை வேண்டாம். மே மாதத்தில் உள்ளே 45 டிகிரியைத் தாண்டும், லித்தியத்தின் பி.எம்.எஸ். சார்ஜையே நிறுத்திவிடலாம். லெட் ஆசிட் என்றால் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். உங்கள் பகுதியில் தரைத்தளமும் ஆபத்து, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாடியில் வெயில் படாத, காற்றோட்டமான சுவர்தான் நல்ல இடம். படுக்கையறை மட்டும் வேண்டாம்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். 48 வோல்ட்டில் 5 கிலோவாட் எடுத்தால் 100 ஆம்பியரைத் தாண்டும். 35 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள், கிரிம்ப் செய்த லக், பேட்டரியை ஒட்டி 125 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ் தேவை. வீட்டு லைனின் மாறுதிசை மின்சாரத்துக்கான எம்.சி.பி., பேட்டரியின் நேர்திசை (டி.சி.) மின்சாரத்தில் எழும் தீப்பொறியை அணைக்காது. லோடு அதிகமான ஒரு மாலையில் லக்கின் பக்கத்தில் கேபிளின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் நட்டு தளர்ந்திருக்கிறது.

கஜா புயலில் எங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒன்று மறுபடி வந்தால் இது தாங்குமா? (வேதாரண்யம்)

பேனல் பறக்காமல் இருந்தால் தாங்கும். 2018 நவம்பரில் ஆன்-கிரிட் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு லைன் வரும்வரை பேனல் இருந்தும் பயனில்லை. ஹைப்ரிட் இருந்தால் வெயில் வந்ததும் தினமும் பேட்டரி ஏறும், 3 கிலோவாட்டுக்குத் தெளிவான நாளில் 12 யூனிட் அளவுக்கு.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் பேக்கப் மோடுக்கு மாற்றி, ஈ.பி.யிலேயே நூறு வரை ஏற்றுங்கள். முதல் இரண்டு நாள் மேகத்தில் உற்பத்தி மிகக் குறைவாக இருக்கும். ஃபேன், போன், ஃபிரிட்ஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேட்டரியை அடிமட்டம் வரை இறக்காமல் 20 சதவீதத்தில் நிற்கும்படி செட் செய்யுங்கள். பி.எம்.எஸ். தன்னை முழுக்க அணைத்துக்கொண்டால், மறுநாள் வெயில் வந்தாலும் பல இன்வெர்ட்டர்கள் பேனலை மட்டும் வைத்து உயிர்பெறாது. வாங்கும்போதே "பேட்டரி செத்த நிலையில், ஈ.பி.யும் இல்லாமல், வெயிலில் மட்டும் ஸ்டார்ட் ஆகுமா?" என்று கேளுங்கள். மாட்டிய அன்றே பகலில் ஈ.பி. மெயினையும் பேட்டரி பிரேக்கரையும் இறக்கி, அவர்களையே செய்து காட்டச் சொல்லுங்கள்.