பழைய போர் விமானம் திருத்துவதும் ஒரு தொழிலா?

தங்கச்சி, உங்கள் கடிதம் கிடைத்தது. உயர்தரம் எழுதி முடித்த மகன், உலகப்போரில் விழுந்து நொறுங்கிய விமானங்களைத் திருத்தும் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "பிளேன் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடினவள் நான், இவன் அதையே கட்டிப்பிடிக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நானும் ஓடியவன்தான். ஆனால் "இதில் சோறு கிடைக்குமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

1940 மே மாதம் ஸ்பிற்பயர் என்ற பிரித்தானியப் போர் விமானம் ஒன்று பிரான்சின் கலே கடற்கரையில் வயிறு தேய இறங்கி மணலுக்குள் புதைந்து போனது. 1980இல் மணல் விலகி அது வெளியே தெரிந்தது. இங்கிலாந்தின் டக்ஸ்போர்டில் திருத்தி, 2011இல் திரும்பப் பறக்கவிட்டார்கள். 2015இல் ஏலத்தில் 31 இலட்சம் பவுணுக்குப் போனது. இத்தனைக்கும் அதில் பெரும்பகுதி புதிதாகச் செய்து போட்டது. அப்புறம் எதற்கு அந்த விலை? பி 9374 என்ற அதன் எண்ணுக்கும், அந்த எண்ணோடு ஒட்டிய கதைக்கும்.

இது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதில்லை. காணி வாங்கும்போது நிலத்தை ஒருமுறை பார்ப்போம், உறுதியைப் பத்துமுறை பார்ப்போம். யார் யாருக்கு எழுதியது, சீதனமா முதுசமா, தோம்பில் என்ன பெயர் என்று தோண்டுவோம். விமானத்துக்கும் அதே வேலைதான். பிரித்தானிய விமானப்படையின் விமானம் ஒவ்வொன்றுக்கும் போர்ம் 78 என்று ஒரு அட்டை இருந்தது. எந்தப் படைப்பிரிவுக்குப் போனது, எப்போது அடிபட்டது, எப்போது கணக்கிலிருந்து வெட்டினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். அந்த அட்டைகள் லண்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படைப்பிரிவுகளின் அன்றாடப் பதிவேடுகள் லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன. நடுவில் ஓர் உறுதி அறுந்தால் காணிக்கு வழக்கு வருவதுபோல, விமானத்துக்கும் வரும். கண்டெடுத்தவனுக்குச் சொந்தம் என்ற கதையும் இங்கே செல்லாது. பிரித்தானியாவில் விழுந்த இராணுவ விமானத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டினால், 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கைவேலைப் பக்கம் சொல்கிறேன். உப்புப் பட்ட அலுமினியம் வெள்ளைப் பொடியாய் உதிரும். தகட்டை வெட்டி, வளைத்து, ஆயிரக்கணக்கில் றிவெற் அடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு இது ஒரு கிழமைகூடத் தாங்காது. உங்கள் மகனுக்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மாமாவின் கராஜில் பழைய ஏ40 கார் ஒன்றை இரண்டு வருடமாகப் பிரித்துப் பூட்டுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. பெற்றோல் இல்லாத காலத்தில் அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஊர் இது. உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் வண்டி ஓட்டிப் பழகியவர்களிடம் அவன் கற்பது, எந்த வகுப்பிலும் கிடைக்காது.

ஆனால் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். இதை முதல் தொழிலாக வைத்தால் பட்டினி. உலகத்தில் இந்தப் பட்டறைகள் கொஞ்சம், அவற்றில் பாதி ஓய்வுபெற்றவர்களின் ஆசையால் ஓடுகின்றன. முதலில் சோற்றுக்கு ஒரு தொழில் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் உலோக வேலையோ மோட்டார் வாகனமோ படிக்கட்டும். இல்லையென்றால் விமானப் பராமரிப்புப் பயிற்சிக்குப் போய், சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் உரிமம் எடுக்கட்டும். அதற்குப் பரீட்சையோடு பல வருடக் கைவேலை அனுபவமும் கேட்பார்கள், ஆகவே செலவையும் காலத்தையும் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். அந்த உரிமம் இருந்தால் விமான நிறுவனத்தில் சம்பளம், விடுமுறை நாளில் ஸ்பிற்பயர். இந்த ஒழுங்கில்தான் நான் சம்மதிப்பேன்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வன்னியிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் இரும்பையோ தகட்டையோ அவன் தொடக்கூடாது. வெடிக்காத குண்டு இன்னும் கிடக்கிற மண் இது. விமானம் பார்க்க வேண்டுமென்றால் இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருநாள் கூட்டிப் போங்கள். உங்களுக்கு வாசலுக்குள் போக மனம் வராவிட்டால் மாமாவை அனுப்புங்கள்.

பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், ஒரு வேலை கொடுக்கிறேன். 1945இல் பிரித்தானிய விமானப்படையின் 203ஆம் படைப்பிரிவின் லிபரேட்டர் விமானங்கள் நம் பலாலியிலிருந்து பறந்தன. பதிவேட்டில் "பலாலி" என்று தேடினால் அவனுக்கு ஒன்றும் அகப்படாது, அந்தத் தளத்துக்கு அப்போது வைத்திருந்த பெயரான காங்கேசன்துறை என்று தேடச் சொல்லுங்கள். அதில் ஒரேயொரு விமானத்தை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, கடைசியில் என்ன ஆனது என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். காரைப் பூட்டத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, கடுதாசிக்குள் உட்காரத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். எழுதிய கொப்பியோடு ஒரு சனிக்கிழமை பின்னேரம் வரச் சொல்லுங்கள்.