அவள் திரும்பிப் போகவேண்டுமா?

கேள்வி: பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். இரவு ஒன்பது மணித் தொடருக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருக்கும் என் நங்கையாவும் (கணவரின் அக்கா) வந்துவிடுவார். தறிச் சத்தத்தில் பாதி வசனம் கேட்காது. முகங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்வோம். துரோகம் செய்த கணவன் ஆஸ்பத்திரியில் நாயகியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவனோடு அவள் திரும்பிப் போகவேண்டும் என்பது நங்கையாவின் கட்சி. துணைக்கு நின்ற நண்பனைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்பது என் கட்சி. பேச்சு முற்றி, "சூடு சொரணை உள்ளவள் அந்தப் படியை மிதிப்பாளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். எழுந்து போனவர் மூன்று வாரமாக வரவில்லை. தை மாதம் அவர் மகளுக்குக் காதுகுத்து. ஒரு தொடருக்காக இப்படியா? நாயகி யாரோடுதான் சேருவாள்? (நங்கையாவும் ஒரு வருடம் தாய்வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான். ஆனால் அது வேறு விஷயம்.)

பதில்: அம்மிணி, நாயகி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இப்போதைக்கு அவள் யாரோடும் சேரமாட்டாள். 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 2009 வரை 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அவ்வளவு தூரம் இழுக்கவேண்டிய கதையில் நாயகி நிம்மதியாகக் குடும்பம் நடத்த எங்கே இடம்? போதாததற்கு, எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் டிஆர்பி வியாழக்கிழமைதோறும் வந்துவிடுகிறது; எண் இறங்கினால் கதையும் திரும்பும். சில நேரம் விதியே திருப்பிவிடுகிறது. 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து திடீரென்று காலமானார். 'எதிர்நீச்சல்' தொடரில் அவர் நடித்த ஆதி குணசேகரனாகப் பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். ஆகவே தாலி கட்டுவதுபோல் முன்னோட்டம் வந்தாலும் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது யாரோ ஒருவரின் கனவாக இருக்கும்.

அந்த ஆஸ்பத்திரிக் காட்சிக்கு வருகிறேன். கணவன் அழுகிறான், நாயகி பேசாமல் நிற்கிறாள், காமிரா அவள் முகத்திலேயே நிற்கிறது, இல்லையா? நீங்கள் அதில் வெறுப்பைப் பார்த்தீர்கள். உங்கள் நங்கையா இளகிய மனதைப் பார்த்தார். இரண்டுக்கும் இடம் கொடுத்துத்தான் அப்படி எடுக்கிறார்கள். அவள் என்ன முடிவு செய்வாள் என்பது அன்றைக்கு எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது. வெறும் முகத்தில் அவரவர் கதையைப் படித்துக்கொள்கிறோம். தறிச் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும் உங்கள் வீட்டில் இது இன்னும் சுலபம்.

நங்கையா அங்கே யார் கதையைப் படித்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்தச் செய்தியை அடைப்புக்குறிக்குள் போட்டு, "வேறு விஷயம்" என்று ஒரு பூட்டும் போட்டிருக்கிறீர்கள். ஒரு வருடம் தாய்வீட்டில் இருந்த பெண் ஊர்க்காரர்களின் எத்தனை கேள்விகளைத் தாண்டியிருப்பார்? போகாமல் இருந்தால் வாழாவெட்டி, போனால் சொரணை கெட்டவள். இரண்டு பக்கமும் அடி வாங்கி, தனக்குச் சரி என்று பட்டதைச் செய்து குடும்பத்தை நிமிர்த்தியவரிடம் நாலு பேர் முன்னால் சொரணையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபமே வந்தது.

உங்கள் கட்சியை விடவேண்டாம். துரோகம் செய்தவனிடம் ஒரு பெண் ஏன் போகவேண்டும் என்பது கேட்கவேண்டிய கேள்விதான். இன்னும் எத்தனையோ வீடுகளில் கேட்கப்படாத கேள்வி. அதை நாயகியைப் பற்றி எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் கேளுங்கள். திரும்பிப் போனவளுக்குப் பெயர் வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

நங்கையா வீட்டுக்கு நீங்களே போங்கள். ஒன்பது மணிக்கு வேண்டாம். தறிக்குக் கரண்ட் இல்லாத ஒரு பகலில், அவர் மட்டும் இருக்கும்போது. வீட்டுக்காரரைத் தூது அனுப்பாதீர்கள். அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டால் அது வேறு பஞ்சாயத்தாகிவிடும். "ஒரு தொடருக்குப் போயா கோபித்துக்கொண்டீர்கள்?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் கோபித்துக்கொண்டது தொடருக்காக அல்ல. "அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை உங்களைக் குத்தியிருக்கும், அக்கா. சொல்லியிருக்கக் கூடாது" என்றால் போதும். விளக்கம் வேண்டாம். அவர் பழைய கதையை எடுத்தால் கேளுங்கள். எடுக்காவிட்டால் நீங்கள் கிளறவேண்டாம்.

போக ஒரு சாக்கு வேண்டுமென்றால் அதுவும் கைவசம் இருக்கிறது. காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவேண்டிய தாய்மாமன் உங்கள் வீட்டுக்காரர்தானே? சீர்த் தட்டில் என்னென்ன வைக்கவேண்டும், தோடு எந்த மாதிரி எடுக்கவேண்டும் என்று நங்கையாவிடம்தான் கேட்டாகவேண்டும். தை பிறக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.