குரங்குத் தாய்க்கும் இடப்பக்கம்தான் பிடிக்குமா?

கேள்வி: பெரும்பாலான அம்மாக்கள் குழந்தையை இடப்பக்கமாகவே ஏந்துகிறார்கள். வலது கை வேலை செய்யக் காலியாக இருக்கட்டும் என்றுதானே? குரங்குகளும் இப்படித்தானா?

பதில்: வலது கைதான் காரணம் என்றால் இடக்கைப் பழக்கமுள்ள அம்மாக்கள் வலப்பக்கம் ஏந்த வேண்டுமே? அப்படி நடப்பதில்லை. உளவியலாளர் லீ சால்க் 1960 வாக்கில் நியூயார்க் உயிரியல் பூங்காவில் ஒரு ரீசஸ் குரங்கு தன் குட்டியை இடப்பக்கமே அணைப்பதைப் பார்த்துவிட்டு மனிதத் தாய்மார்களைக் கவனிக்கத் தொடங்கினார். வலக்கைக்காரர்களில் 83 சதவீதம் பேரும் இடக்கைக்காரர்களில் 78 சதவீதம் பேரும் இடப்பக்கமே ஏந்தினார்கள். குழந்தைக்கு இதயத்துடிப்பு கேட்பதால்தான் இப்படி என்று அவர் நினைத்தார்.

எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது மூளை சார்ந்த விளக்கம். இடப்பக்கம் ஏந்தினால் குழந்தையின் முகம் தாயின் இடது பார்வைப் புலத்தில் விழும், அங்கிருந்து வரும் தகவல் முதலில் போவது மூளையின் வலது அரைக்கோளத்துக்கு, முகத்தில் தெரியும் உணர்ச்சியைப் படிப்பதில் பெரும்பாலானோருக்கு அதுதான் கெட்டி.

சிம்பன்சி, கொரில்லா தாய்களிடமும் இந்த இடப்பக்கச் சாய்வு பதிவாகியிருக்கிறது. மற்ற குரங்குகளில் முடிவுகள் கலவைதான். அங்கே குட்டியே தாயின் வயிற்றைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது, தாயின் கைக்கு வேலை குறைவு. அப்புறம், பல குட்டிகள் பால் குடிக்க எப்போதும் ஒரே காம்பைத்தான் தேடும், எந்தப் பக்கம் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆக, பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் குட்டிக்கும் பங்குண்டு.